மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா? மாட்டு வைரஸும் மனிதப் புற்றுநோயும்

பாதிநிலா எழுதியது:

அம்மாவுக்குப் போன வருடம் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அறுவை, கீமோ எல்லாம் முடிந்து இப்போது மாத்திரையில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். பிரச்சினை வேறு. சொந்தக்காரர் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். மாட்டுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் வைரஸ் பாலில் இருக்கிறதாம், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவதே அதனால்தானாம், விஞ்ஞானிகள் மறைக்கிறார்களாம். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி: "நான் குடித்த பாலால்தான் வந்ததா?"

புரளி என்று தள்ளிவிடலாம் என்றுதான் தேடினேன். தேடினால் பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் கட்டுரைகளே வந்திருக்கின்றன. இன்னொரு பக்கம் நோபல் பரிசு வாங்கிய ஒருவரும் மாட்டிறைச்சி, பால் என்று ஏதோ சொல்லியிருக்கிறார். எனக்கு வைரஸும் தெரியாது, புள்ளிவிவரமும் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால் அம்மாவிடம் நேர்மையாக ஒரு பதில் சொல்ல முடியும்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

"விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாலே அழித்துவிடலாம். கட்டுரையாக அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுப்பதற்குப் பெயர் மறைப்பதா? பால் குடித்தால் கேன்சர், குடிக்காவிட்டால் எலும்பு தேயும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள்.

கொம்புசீவி எழுதியது:

கால்நடை மருத்துவன் நான். (பெயரைப் பார்த்து சண்டை மூட்டிவிட வந்தவன் என்று நினைக்க வேண்டாம், தொழில் காரணமாக வைத்தது.) வைரஸ் கற்பனை இல்லை. அதைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

மாட்டு லுகேமியா வைரஸ், சுருக்கமாக பிஎல்வி. 1969-இல் அமெரிக்காவில் ஜேனிஸ் மில்லரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தது. ரெட்ரோவைரஸ் வகை. அதாவது தன் மரபுச் செய்தியை டிஎன்ஏவாக மாற்றி, மாட்டின் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவிலேயே செருகிக்கொள்ளும். ஒருமுறை புகுந்தால் அந்த மாட்டுக்கு ஆயுளுக்கும் விடுதலை கிடையாது. குடியிருக்கும் இடம் பி லிம்ஃபோசைட் எனும் வெள்ளையணு.

வேடிக்கை என்னவென்றால், தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவை எதுவும் நடக்காததுபோல் தின்று, கன்று போட்டு, கறந்துகொண்டிருக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாடுகளுக்கு வெள்ளையணு எண்ணிக்கை ஏறி, இறங்காமல் நிற்கும். 5 சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான் கட்டி வரும். நிணநீர்க் கணுக்களில், இதயத்தில், கருப்பையில், சில நேரம் கண்ணுக்குப் பின்னால். கண் பிதுங்கி நிற்கும் மாட்டைப் பார்த்தால் மறக்க முடியாது.

பரவுவது ரத்தத்தின் வழி. இதில் எங்கள் தொழிலுக்குப் பெரிய பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஊசியில் வரிசையாகப் போடுவது, கொம்பு எடுக்கும் கருவியைக் கழுவாமல் அடுத்த கன்றுக்கு வைப்பது, சினை பார்க்கும் நீளக் கையுறையை மாற்றாமல் அடுத்த மாட்டுக்குப் போவது. நான் படித்து முடித்து வேலைக்கு வந்த முதல் வருடம் கையுறையை இப்படித்தான் பயன்படுத்தினேன், கூட இருந்தவர்களும் அப்படித்தான். அப்புறம் கடிக்கும் ஈக்கள். சீம்பாலிலும் பாலிலும் தொற்றிய வெள்ளையணுக்கள் இறங்கும், கன்றுக்கு அப்படியும் போகலாம்.

எவ்வளவு பரவலாக இருக்கிறது என்றால், அமெரிக்க வேளாண் துறை 2007-இல் பால் பண்ணைகளின் மொத்தத் தொட்டிப் பாலைச் சோதித்தபோது 84 சதவீதப் பண்ணைகளில் தொற்றுக்கான அடையாளம் இருந்தது. எதிர்த் துருவத்தில் டென்மார்க், பிரிட்டன் போன்றவை. சோதித்து, ஒதுக்கி, கழித்து மந்தைகளையே சுத்தம் செய்துவிட்டார்கள்.

பாதிநிலா எழுதியது:

நன்றி டாக்டர். இப்போது அம்மா கேட்பதை நானே கேட்கிறேன். அது மனிதருக்குள் வருமா, வராதா?

நுண்ணோக்கி எழுதியது:

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், டிஎன்ஏ துண்டுகளைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் முறைதான் அன்றாடப் பிழைப்பு. இதற்கு "வரும்", "வராது" என்று ஒரே வார்த்தையில் பதில் இல்லை. கதையாகச் சொன்னால்தான் புரியும்.

1970-களில் இதே பயம் வந்தது. 1974-இல் ஒரு கட்டுரை. தொற்றிய மாடுகளின் காய்ச்சாத பாலைக் கொடுத்து வளர்த்த 6 சிம்பன்சிக் குட்டிகளில் 2 குட்டிகள் லுகேமியாவில் செத்தன. பலரும் பதறினார்கள். பண்ணையாட்கள், கால்நடை மருத்துவர்கள் என்று மனிதர்களின் ரத்தத்தை எடுத்து எதிர்ப்பொருள் தேடினார்கள். எதுவும் அகப்படவில்லை. மனிதருக்குத் தொற்றாது என்று கோப்பை மூடிவிட்டார்கள். அன்றைய சோதனைகள் இன்றைய அளவுகோலில் மொண்ணையானவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூடிய கோப்பைத் திறந்தவர் பெர்க்லியின் கெர்ட்ரூட் பியூரிங். 2003-இல் கூர்மையான முறையில் 257 பேரின் ரத்தத்தைச் சோதித்தார். 74 சதவீதம் பேரிடம் பிஎல்விக்கு எதிரான எதிர்ப்பொருள். இதற்கு ஒரு சாதாரண விளக்கம் உண்டு. செத்த வைரஸின் புரதம் உணவில் வந்தால்கூட உடம்பு எதிர்ப்பொருள் செய்யலாம். ஆனால் 2014-இல் அதே குழு 219 பெண்களின் மார்பகத் திசுவைப் பார்த்ததில் 44 சதவீதத்தில் வைரஸின் டிஎன்ஏவே இருந்தது என்றார்கள். இந்த வைரஸ் வெளியில் ஆர்என்ஏவாக உலவுவது. டிஎன்ஏவாக மாறுவது செல்லுக்குள் புகுந்த பிறகுதான்.

2015-இல் ஒப்பீடு. புற்றுநோய் வந்தவர்கள் 114 பேர், வராதவர்கள் 104 பேர். முதல் கூட்டத்தில் 59 சதவீதம், இரண்டாவதில் 29 சதவீதம் என்று வைரஸ் டிஎன்ஏ. வாய்ப்பு விகிதமாக 3.07, அதாவது வைரஸ் இருந்தவர்களிடம் புற்று இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. 2017-இல் ஆஸ்திரேலியப் பெண்கள் 96 பேரிடம் அதே ஒப்பீடு: வந்தவர்களில் 80 சதவீதம், வராதவர்களில் 41 சதவீதம். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: பின்னால் புற்றுநோய் வந்த பெண்களிடம் 3 முதல் 10 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவைத்திருந்த சாதாரணத் திசுவிலும் தேடினார்கள், பெரும்பாலானவற்றில் இருந்தது. கட்டி வந்த பிறகு வைரஸ் அங்கே போய்க் குந்திக்கொண்டது என்று சொல்பவர்களுக்கு அது பதில்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

சரி, இது வாட்ஸ்அப் தரத்தில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே நுண்ணோக்கி. நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

2016-இல் பெல்ஜியத்தின் ஜில்லே, வில்லெம்ஸ் இருவரும் 51 மார்பகப் புற்றுக் கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியைச் சலித்தார்கள். பிஎல்வியின் ஒரு துண்டுகூட இல்லை. வில்லெம்ஸ் வெளியாள் இல்லை, வாழ்நாள் முழுக்க இந்த மாட்டு வைரஸை ஆராய்ந்தவர். அதே ஆண்டு சீனாவில் நோயாளிகளின் ரத்தத்திலும் திசுவிலும் தேடினார்கள், அங்கேயும் இல்லை. பியூரிங் குழு தேடினால் பாதிப் பேரிடம் இருக்கிறது, வேறு சிலர் தேடினால் ஒருவரிடமும் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

அப்புறம் டாக்டர் சொன்ன டென்மார்க். மாடுகளிலிருந்து வைரஸை ஒழித்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மார்பகப் புற்றுநோய் விகிதத்தில் இன்றும் உலகின் மேல் வரிசையில் இருக்கிறது. மாட்டு வைரஸ்தான் முக்கியக் காரணம் என்றால் அங்கே பெரிய சரிவு தெரிந்திருக்க வேண்டாமா?

நுண்ணோக்கி எழுதியது:

டென்மார்க் வாதம் கனமானது. இறக்குமதி இறைச்சி, பழைய தொற்று, நீண்ட மறைவுக் காலம் என்று சமாளிக்கலாம், நானும் முன்பு சமாளித்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு சமாளிப்பும் கருதுகோளைக் கொஞ்சம் மெலிய வைக்கிறது.

ஒரு குழுவுக்கு இருப்பதும் மற்றவர்களுக்கு இல்லாததும் ஏன்? இரண்டு வழிகள். ஒன்று, வைரஸ் மிகமிகக் குறைவான செல்களில் மட்டும் இருக்கிறது, அதனால் முழு மரபணுச் சலிப்பில் சிக்கவில்லை. ஆனால் அப்படியானால் கட்டிக்கு அது எப்படிக் காரணம்? மாட்டில் கட்டி என்றால் ஒரே செல்லிலிருந்து பெருகியது, கட்டியின் எல்லாச் செல்களிலும் வைரஸ் இருக்கும். இவர்கள் சொல்லும் மனிதக் கதையில் அந்தக் கையெழுத்து இல்லை. வைரஸ் தொடக்கத்தில் தள்ளிவிட்டுப் பின்னால் காணாமல் போகிறது என்கிறார்கள். நடக்கக்கூடாதது இல்லை, நிரூபிப்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது வழி, கலப்படம். வெளியாட்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று சொல்கிறேன். உலகத்தின் எல்லாச் செல் வளர்ப்பு ஆய்வகங்களிலும் மாடு இருக்கிறது! செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் கலப்பது கன்றுக்கருவின் ரத்தச் சீரம். பாட்டில் பாட்டிலாக இருக்கும். பிசிஆரை இரண்டு சுற்று ஓட்டினால் ஒரு திவலையும் மலையாகத் தெரியும். நான் பயிற்சியில் இருந்தபோது வெறும் தண்ணீர் வைத்த குழாயில் பட்டை பட்டையாக முடிவு வந்து மூன்று வாரம் தூக்கம் போனது. கடைசியில் பார்த்தால் திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டில் ஒட்டியிருந்த பழைய மிச்சம்.

எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? 2006-இல் புராஸ்டேட் புற்றில் கண்டோம் என்றார்கள். 2009-இல் நாள்பட்ட சோர்வு நோயாளிகளின் ரத்தத்திலும் இருக்கிறது என்று பெரிய இதழிலேயே வந்தது. 2011-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வைரஸ் மனிதரிடமிருந்து வந்ததே இல்லை. 1990-களில் ஒரு மனிதக் கட்டியை எலிகளுக்குள் வைத்து வளர்த்தபோது இரண்டு எலி வைரஸ்கள் ஒட்டிப் பிறந்த ஆய்வகக் குழந்தை அது.

அதற்காகப் பியூரிங் குழுவும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கலப்படம் என்றால் நோய் வந்தவர் திசுவிலும் வராதவர் திசுவிலும் ஒரே மாதிரிதான் விழ வேண்டும். இரண்டு மடங்கு வித்தியாசம் ஏன்? இந்தக் கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் இன்னும் கிடைக்கவில்லை. அதனால்தான் கோப்பை மூட மனம் வரவில்லை.

கடுகுமணி எழுதியது:

நோபல் ஆள் என்று பாதிநிலா சொன்னது ஹரால்ட் சூர் ஹவுசனை. அதை யாரும் தொடவில்லையே. 2008 நோபல். கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் பாப்பிலோமா வைரஸ் என்று அவர் சொன்னபோது, காரணம் ஹெர்பீஸ்தான் என்று நம்பிய கூட்டம் அவரை நம்பவில்லை. இன்று அதற்குத் தடுப்பூசியே இருக்கிறது. அதனால் அவர் கடைசிக் காலத்தில் மாட்டைக் கைகாட்டியபோது ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் அவர் சொன்னது பிஎல்வி இல்லை. பலரும் இரண்டையும் குழப்புகிறார்கள். ஹைடல்பெர்க்கில் இருக்கும் ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் அவரும் அவர் மனைவி எத்தெல்-மிஷேல் டி வில்லியர்ஸும் மாட்டுச் சீரத்திலும் பாலிலும் சின்னஞ்சிறு வட்ட டிஎன்ஏக்களைப் பிரித்தெடுத்தார்கள். மாட்டிறைச்சி, பால் காரணிகள் என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக பிஎம்எம்எஃப். முழு வைரஸும் இல்லை, முழு பாக்டீரியாவும் இல்லை. அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் வட்ட டிஎன்ஏக்களோடு (பிளாஸ்மிட்) சொந்தம் கொண்டாடும் ரெண்டுங்கெட்டான் வகை.

அவருடைய கதை இப்படி. தாய்ப்பாலை நிறுத்தி மாட்டுப் பால் தொடங்கும் வயதில், எதிர்ப்பாற்றல் முதிராதபோது, இவை உள்ளே போகின்றன. குடல் சுவரில் பல பத்தாண்டுகள் மெதுவான அழற்சி புகைகிறது. புகைச்சலில் பக்கத்துச் செல்களின் டிஎன்ஏ சேதமாகி, 40, 50 வருடம் கழித்துப் பெருங்குடல் புற்று. அதாவது இது நேரடியாகச் செல்லைக் கெடுப்பதில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. 2021-இல் அந்த மையத்தவர் கட்டியைச் சுற்றிய திசுவின் விழுங்கு செல்களில் இந்தக் காரணியின் புரதத்தைப் பார்த்ததாக வெளியிட்டார்கள்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

புரதத்தை ஒட்டிப் பிடிக்கும் சாயம் வேறு எதையும் பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமே 2019-இல் ஆதாரம் போதாது என்றுதான் சொன்னது.

அவர் 2012-இல் எழுதிய வாதமும் பெரிதாக வரைபடத்தை நம்பியது. மாட்டிறைச்சி குறைவாக உண்ணும் இந்தியாவில் பெருங்குடல் புற்று குறைவு. மங்கோலியாவில் சிவப்பு இறைச்சி நிறைய, ஆனால் இந்தப் புற்று குறைவு, ஏனென்றால் அங்கே மாட்டினமே வேறு. ஜப்பானிலும் கொரியாவிலும் மாட்டிறைச்சி பெருகிய பிறகு ஏறியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் அங்கே உடல் எடை, உட்கார்ந்த வேலை, ஆயுள், நோயைக் கண்டுபிடிக்கும் வசதி எல்லாமே மாறின. எதை வேண்டுமானாலும் எதோடும் ஒட்டலாம்.

கடுகுமணி எழுதியது:

சாயம் பற்றி நீங்கள் கேட்டது சரி. ஆனால் வரைபடம் மட்டும் இல்லை. ஸ்வீடனில் 2015-இல் பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை ஒவ்வாத 22,788 பேரைப் பார்த்தார்கள். அவர்களுக்கு மார்பக, சூலக, நுரையீரல் புற்று குறைவு. அவர்களுடைய பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அந்தக் குறைவு இல்லை. அப்படியானால் ரத்த உறவு இல்லை, சாப்பாடுதான் என்று தோன்றுகிறதா இல்லையா?

நுண்ணோக்கி எழுதியது:

சாப்பாடு என்று தோன்றுகிறது, வைரஸ் என்று தோன்றவில்லை. பாலை ஒதுக்குபவர் கூடவே வேறு பலவற்றை ஒதுக்குவார், வேறு பலவற்றைச் சேர்ப்பார். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை உறுதியான காரணி என்றும், சிவப்பு இறைச்சியைப் பெரும்பாலும் காரணி என்றும் வகைப்படுத்தியபோது வைரஸைத் துணைக்கு அழைக்கவில்லை. இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் இரும்பு, நைட்ரோசோ சேர்மங்கள், கருக வாட்டும்போது வரும் பொருட்கள், இவற்றைத்தான் பேசியது. கோழியைக் கருக்கினாலும் அதே பொருட்கள் வருகின்றனவே, கோழிக்கு ஏன் அந்தப் பழி வரவில்லை என்று சூர் ஹவுசன் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கோழியில் ஹீம் இரும்பு குறைவு என்று ஒரு பதிலும் இருக்கிறது.

கொம்புசீவி எழுதியது:

இடையில் ஒன்று. மாட்டு வைரஸ் இனம் தாண்டுமா என்று கேட்டால், தாண்டும். மாட்டின் பாப்பிலோமா வைரஸ் குதிரைக்குத் தாவி, சார்காய்டு என்ற தோல் கட்டியைத் தருகிறது. அது எந்தக் கால்நடை மருத்துவரும் அறிந்தது. மாட்டுக்கே அந்த வைரஸும் பெரணிச் செடியும் சேர்ந்தால் சிறுநீர்ப்பைப் புற்று வரும்.

அதே மூச்சில் எதிர்க்கதையும் சொல்ல வேண்டும். இறைச்சி வெட்டுபவர்களின் கையில் பாலுண்ணி நிறைய வரும். மாட்டிடமிருந்துதான் ஒட்டுகிறது என்று வெகுகாலம் நினைத்தார்கள். சோதித்தால் அது மனித பாப்பிலோமா வைரஸ் 7-ஆம் வகை. ஈரமும் குளிரும் வெட்டுக்காயமும் அதற்கு இடம் கொடுத்தன, மாடு அநியாயமாகப் பழி சுமந்தது.

பாதிநிலா எழுதியது:

படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது, ஆனால் நன்றாகச் சுற்றுகிறது. நேராகக் கேட்கிறேன். பால் குடிக்கலாமா?

கொம்புசீவி எழுதியது:

பிஎல்வியைப் பொறுத்தவரை இதில் சண்டையே இல்லை. 72 டிகிரியில் 15 விநாடி பாஸ்டரைஸ் செய்தாலே அது செயலிழந்துவிடும். பொங்கக் காய்ச்சினால் கேட்கவே வேண்டாம். காய்ச்சாத பால் "இயற்கையானது" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்கு இந்த வைரஸ் வரைக்கும் போக வேண்டாம், காசநோயும் புருசெல்லா என்ற பாக்டீரியா தரும் காய்ச்சலும் போதும். பாதி வெந்த இறைச்சிக்கும் அதே பேச்சு. கடுகுமணியின் வட்ட டிஎன்ஏ சூட்டுக்கு வைரஸைவிட அதிகம் தாங்கும் என்பது சூர் ஹவுசன் தரப்பின் வாதம். ஆனால் அது நோய் தருகிறது என்பதே நிலைநிற்காதபோது அதற்காகப் பாலை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

நுண்ணோக்கி எழுதியது:

பாதிநிலா, உங்கள் அம்மாவின் கேள்விக்கு என் பதில் இது. பியூரிங்கின் எண்கள் அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், புற்று வராத பெண்களில் 29 சதவீதம் பேரிடம் வைரஸ் இருந்தது, வந்த பெண்களில் 41 சதவீதம் பேரிடம் இல்லை. ஒரு தனி மனுஷியிடம் போய் இதனால்தான் வந்தது என்று எந்த நேர்மையான ஆளும் சொல்ல மாட்டார். இதே குடும்பத்து மனித வைரஸ் ஒன்று உண்டு, எச்டிஎல்வி-1. அது புற்று தருகிறது என்பது உறுதி. தாய்ப்பாலில் போகிறது என்பதும் உறுதி. அதற்கே தொற்றியவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து, லுகேமியா வருகிறது. மாட்டு வைரஸ் விஷயத்தில் முதல் படியிலேயே சண்டை ஓயவில்லை.

இனி எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரே திசுக்களைப் பெயரில்லாமல் குறியீடு போட்டு, பியூரிங் முறையில் ஒரு ஆய்வகமும் அவரை நம்பாத இரண்டு ஆய்வகங்களும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அது வரும்வரை நான் வேலி மேல்தான் உட்கார்ந்திருப்பேன்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

நான் வேலிக்கு இந்தப் பக்கம், ஆனால் இரண்டு நாள் முன்பு இருந்ததைவிட வேலிக்குக் கிட்டத்தில்.

பாதிநிலா எழுதியது:

நேற்று அம்மாவுக்கு இந்த இழையை முழுசாக வாசித்துக் காட்டினேன். எக்ஸ்எம்ஆர்வி கதையில் சிரித்தார், சிம்பன்சிக் குட்டிகளுக்கு "ஐயோ பாவம்" என்றார். 41 சதவீதம் பேரிடம் வைரஸே இல்லை என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வை" என்றார்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

அந்தச் சொந்தக்காரர்?

பாதிநிலா எழுதியது:

அவர் இப்போது கைப்பேசிக் கோபுரத்துக்குப் போய்விட்டார்.